ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டிகளும் திங்கட்கிழமை மிதிவண்டிகளும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணியளவில் இரண்டு வகையான மிதிவண்டிகளைக் காணலாம். ஒன்று நகரை நோக்கி வருவது. கனத்த கறுப்புச் சட்டம், பின்னால் கேரியரில் கீரைக்கட்டோ பால் கேனோ, ஓட்டுபவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். மற்றொன்று நகரிலிருந்து வெளியே செல்வது. மெல்லிய டயர், கியர், சிவப்பாக மினுக்கும் பின்விளக்கு. ஓட்டுபவர் மருத்துவராகவோ வங்கி அலுவலராகவோ என்னைப் போன்ற ஓய்வூதியராகவோ இருப்பார். முதல் வண்டியின் விலை சில ஆயிரம் ரூபாய். இரண்டாவதன் விலை நாற்பதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். இவ்விருவரும் ஒருவரையொருவர் கடக்கும் அந்த நொடியில் ஒரு முழுப் பொருளாதாரப் பாடமே அடங்கியிருக்கிறது.

வருமானம் உயர உயர எந்தப் பொருளை மக்கள் குறைவாக வாங்குகிறார்களோ அதனைத் ‘தாழ்நிலைப் பண்டம்’ என்பர் பொருளியலார். கல்லூரியில் இதற்கு நான் ஆண்டுதோறும் சொல்லிவந்த எடுத்துக்காட்டு மிதிவண்டி. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது சொந்தமாக ஒரு மிதிவண்டி வைத்திருப்பது மதிப்புக்குரிய செய்தி. மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்துத்தான் எங்கள் தலைமுறையில் பெரும்பாலோர் ஓட்டப் பழகினோம். 1980-இல் டி.வி.எஸ். 50 சந்தைக்கு வந்தது. நெல் மூட்டையும் ஆட்டுக்குட்டியும் அதில் ஏறிக்கொள்ள, மிதிவண்டி மெல்ல மெல்ல வசதியற்றவரின் வாகனமாயிற்று. இப்போது அதே பொருள் வசதியுள்ளவரின் விருப்பப் பண்டமாக, இன்னொரு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 1899-இல் தார்ஸ்டீன் வெப்லன் எழுதிய ‘பகட்டு நுகர்வு’ இதில் ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. கிடாரிப்பட்டிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் என் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். சொன்னேன். “ஏஞ் சார், இந்தக் காசுக்கு ஒரு டி.வி.எஸ். எக்ஸெல்லே வாங்கியிருக்கலாமே?” என்றார். அவருடைய வாய்ப்புச் செலவுக் கணக்கில் பிழை ஏதும் இல்லை.

வார இறுதிகளில் குழுவாக மிதிவண்டியில் செல்லும் வழக்கம் தமிழகத்தின் பல நகரங்களில் இன்று வேரூன்றிவிட்டது. சென்னையில் மரபுச் சின்னங்களைத் தேடிச் செல்லும் ‘சைக்கிளிங் யோகிஸ்’ போன்ற குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியுள்ள நெடும்பயணங்களும் நாட்டின் பல பகுதிகளில் நடக்கின்றன. எங்கள் குழுவிலுள்ள இளைஞர்கள் சிலர், ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமேசுவரத்துக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பரமக்குடி தாண்டிய பிறகு வெயிலும், பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் கடற்காற்றும் அவர்களைச் சோதிக்கும். என் வயதினர் நாற்பது கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஏன் குழுவாகச் செல்ல வேண்டும்? பேச்சுத்துணை ஒரு காரணம். இயற்பியல் இன்னொன்று. சமதளத்தில் வேகமாகச் செல்லும் மிதிவண்டியாளரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு மிச்சமாகும். அந்த மிச்சத்துக்கு அவர் எதையும் விலையாகத் தருவதில்லை. பொருளியலில் ‘ஓசிப் பயணி’ சிக்கல் என்று நாங்கள் கற்பிப்பது பெரும்பாலும் உவமைதான். இங்கே அது அசலாகவே ஓசிப் பயணம். மான்கர் ஓல்சன் 1965-இல் வெளியிட்ட தம் நூலில், சிறு குழுக்கள் இச்சிக்கலை எளிதில் தீர்த்துக்கொள்ளும், பெருங்குழுக்கள் திணறும் என்று வாதிட்டார். எட்டுப் பேர் செல்லும்போது முன்னிருப்பவர் சிறிது நேரத்தில் விலகிப் பின்னால் வந்துவிடுவார், அடுத்தவர் முன்னேறுவார். முறை தவறுபவரை எல்லோருக்கும் தெரியும். முப்பது பேர் வரும் நாள்களில் எப்போதும் நடுவிலேயே ஒளிந்துகொள்ளும் இருவர் இருப்பர். (அவர்களில் ஒருவர் என் முன்னாள் மாணவர். ஓல்சனை அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.)

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஓரிடத்தில் மிதிவண்டி ஓட்டுவோர் இரு மடங்கானால் மோதல்கள் இரு மடங்காவதில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடுகின்றன என்பது அதன் முடிவு. அதாவது, தனி ஒருவருக்கு உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வாகன ஓட்டிகளின் கண் எதற்குப் பழகுகிறதோ அதற்கு இடம் விடுகிறது. முப்பது பின்விளக்குகள் மினுக்கினால் லாரி ஓட்டுநர் விலகித்தான் செல்கிறார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

உடல்நலப் பயனைப் பற்றி மருத்துவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். எனக்கு முதன்மையானது வேறு. மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்பது நிலத்தைப் படிப்பதற்கு உகந்த வேகம். பேராணை மதகிலிருந்து பிரிந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் கரையோரமாக ஒரு காலை சென்று பாருங்கள். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, வைகையில் கலந்து இங்கே வருகிறது. கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அதற்கப்பால் மேலூர், திருமங்கலம் பகுதிகளில் 1,05,002 ஏக்கர் ஒருபோகம். இந்த எண்களை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். காரில் போகும்போது இரண்டும் பச்சையாகவே தெரியும். மிதிவண்டியில் போகும்போதுதான் கள்ளந்திரியைத் தாண்டியதும் வரப்பின் நிறம் மாறுவதும், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்வதும், மடை தூர்ந்து கிடப்பதும், தண்ணீர் திறப்புத் தேதியைப் பற்றித் தேநீர்க் கடைகளில் குரல் உயர்வதும் தெரிகின்றன. தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடு பதினைந்து நிமிட மிதிப்பில் புரிந்துவிடுகிறது.

கிடாரிப்பட்டி அருகே அழகர்மலைக் குகைத்தளத்துக்குப் போனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் காணலாம். சமணத் துறவியருக்குக் கொடை அளித்தவர்கள் பட்டியலில் உப்பு வணிகன், பணித வணிகன், கொழு வணிகன் எனத் தொழில்பெயர்கள் வருகின்றன. பணிதம் என்பது கருப்பஞ்சாற்றுப் பாகு. கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. அருகிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டில் வெள்ளறை என்னும் ஊரின் ‘நிகமத்தார்’, அதாவது வணிகக் குழுவினர், குறிக்கப்பெறுகின்றனர். கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஒரு மலையடியில் உப்பு வணிகர் கொடை அளிக்கும் அளவுக்குச் செல்வம் சேர்த்திருந்தார் என்றால், அன்றைய வணிகப் பாதைகளைப் பற்றி அது ஒரு நூலளவு செய்தி சொல்கிறது. மேலூர்ச் சாலையும் அழகர்கோவில் சாலையும் புதியவை; தடம் பழையது.

அருகிலேயே அரிட்டாபட்டி. அங்கும் மீனாட்சிபுரத்திலுமாக ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அதனை உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. டிசம்பரில் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் விவசாயிகள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை தமுக்கம் வரை பேரணியாக வந்தனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடியவர்கள் அவ்வூர் மக்கள், பெருமை அவர்களுக்கே. ஆனால், நகரத்தில் அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் ஒரு பாறையும் ஒரு குடைவரையும் ஒரு வல்லூறும் மனக்கண்ணில் தோன்றக்கூடியவர்கள் சில ஆயிரம் பேராவது இருந்தார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த ‘பசுமைநடை’ பத்தாண்டுகளுக்கும் மேலாக மதுரைக்காரர்களை இக்குன்றுகளுக்கு அழைத்துச் சென்றதன் பயன் அது. அறியாத நிலத்துக்காக எவரும் குரல் கொடுப்பதில்லை.

இனி, திங்கட்கிழமைக்கு வருவோம்.

மிதிவண்டி ஒரு சமூகத்தின் நடையையே மாற்றியதற்குச் சான்று தேடி நாம் நெதர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதிலொரு கூடுதல் வசதி. கல் குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், பூ விற்பவர் என எல்லோரும் ஓட்டினர். பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் அவர்களுக்கு வருமானமாயிற்று. அதுவும் குழுவாகச் செல்லும் மிதிவண்டிப் பயணம்தான். கேலியைத் தாங்குவதற்குக் குழு தேவைப்பட்டது.

பின்னர் வந்ததே மாணவர்களுக்கான விலையில்லா மிதிவண்டித் திட்டம். 2022-இல் மட்டும் ஏறத்தாழ 6.35 லட்சம் மிதிவண்டிகள், சுமார் 323 கோடி ரூபாய்ச் செலவில் வழங்கப்பட்டன. வகுத்துப் பார்த்தால் ஒரு வண்டிக்கு ஐயாயிரத்துச் சொச்சம். இதனை ‘இலவசம்’ என்று முகம் சுளிப்பவர்கள் பிகாரில் 2006-இல் தொடங்கிய இதுபோன்ற திட்டம் குறித்துக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வைப் படிக்கலாம். உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது. ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி.

ஆக, வண்டி கிடைத்துவிட்டது. 2025 செப்டம்பரில் மிதிவண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்துவிட்டது. இனித் தடையாக நிற்பது சாலை. 2022-இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். உயிரிழந்தோர் 17,884 பேர். நமது நாற்கரச் சாலைகளில் மிதிவண்டிக்கென்று இருப்பது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள ஓரம் மட்டுமே. அதில் மணல் படிந்திருக்கும், பழுதான லாரி நிற்கும், வடிகால் மூடியின் கம்பிகள் போகும் திசையிலேயே நீண்டு சக்கரத்தைக் கவ்வக் காத்திருக்கும். நடுத்தடுப்பில் அடுத்த திறப்பு வெகுதொலைவில் இருந்தால், எதிரேயுள்ள பள்ளிக்குச் செல்லும் மாணவி எதிர்த்திசையில்தான் ஓட்டுவாள். அதனை ஒழுங்கீனம் என்று கண்டிப்பது எளிது. பள்ளி மணி அடிக்க ஆறு நிமிடம் இருக்கையில் நான்கு கிலோமீட்டர் சுற்றி வரச் சொல்வது எந்தப் பகுத்தறிவுக் கணக்கில் சேரும்?

வார இறுதிக் குழுக்களின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. நாங்கள் ஆபத்தில்லாத நேரத்தில், முப்பது பேராக, தலைக்கவசத்தோடு செல்கிறோம். ஜேக்கப்சன் சொன்ன பாதுகாப்பு எங்களுக்குக் கிடைக்கிறது. எங்களில் மாவட்ட அலுவலகத்தின் கதவைத் தட்டத் தெரிந்தவர்களும் உண்டு, மனு எழுதத் தெரிந்தவர்களும் உண்டு. அப்படியிருந்தும் குழுவில் பேச்சு பெரும்பாலும் கியர் விகிதத்தையும் சராசரி வேகத்தையும் சுற்றியே நிகழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ‘நல்ல சாலைகள்’ வேண்டும் என்று முதலில் கிளர்ந்தெழுந்தவர்கள் மிதிவண்டிக் கழகத்தார்; மோட்டார் வண்டி பிறகுதான் அச்சாலைகளில் ஏறியது. பொழுதுபோக்குக்காரர்கள் பொதுநலம் பேசுவது புதிதன்று.

இதைப் பலமுறை சொன்னதன் பயனாக, அண்மையில் எங்களில் ஆறு பேர் ஒரு வேலைநாளில் சென்றோம். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, காலை எட்டேகாலுக்கு, ஓர் அரசுப் பள்ளிக்குச் செல்லும் மாணவியரின் பின்னால், அவர்களுடைய வேகத்தில். ஊரிலிருந்து பள்ளி வரை நான்கு கிலோமீட்டர். மூன்றரை கிலோமீட்டர் கண்மாய்க்கரைச் சாலை. புளிய மர நிழல், எருமைகள், எப்போதாவது ஒரு டிராக்டர். அச்சம் தரும் பகுதி, அணுகுசாலை அறுந்துபோய் நெடுஞ்சாலையிலேயே ஏற வேண்டிய கடைசி அரை கிலோமீட்டர் மட்டுமே. அங்கே மாணவியர் பேச்சை நிறுத்திவிட்டு ஒற்றை வரிசையாகிறார்கள். முன்னால் செல்பவள் கையை உயர்த்துகிறாள். யாரும் அவர்களுக்கு அதைக் கற்றுத் தரவில்லை. அந்த அரை கிலோமீட்டருக்கு இடுப்பளவுத் தடுப்பும், ஒன்றரை மீட்டர் அகலத் தளமும், இரண்டு விளக்குக் கம்பங்களும் போதும். வரைபடத்தை எங்கள் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற பொறியாளர் போட்டுக்கொண்டிருக்கிறார். அரையாண்டுத் தேர்வுக்கு முன் நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுக்கவிருக்கிறோம்.