பனியனில் அடித்தால் பிரிண்ட், காகிதத்தில் அடித்தால் செரிகிராஃப்! அரூப ஓவியம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூர் வேலம்பாளையத்தில் பிரிண்டிங் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன் மேல் கலர் பேஸ்ட், ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். நாலு கலர் டிசைன் என்றால் நாலு ஸ்கிரீன். ஒரு நூல் விலகினாலும் செக்கிங்கில் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும்.

இதே வேலையைத் தடித்த காகிதத்தில் செய்து, கீழே ஓவியர் பென்சிலால் கையெழுத்துப் போட்டால் அதன் பெயர் 'செரிகிராஃப்'. கடை விளம்பரங்களுக்கு அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிலிருந்து தங்கள் வேலையைப் பிரித்துக்காட்ட, கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கலைஞர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. தொழில்நுட்பம் என்னவோ ஒன்றுதான்.

புது வீட்டு ஹாலுக்கு அரூப ஓவியப் பிரிண்ட் வாங்க நினைப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். சாதாரண போஸ்டருக்குச் செரிகிராஃப் விலை கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

துணி விற்று வாங்கிய ஓவிய கிராமம்

'அரூப ஓவியமெல்லாம் நமக்கு எதுக்கு?' என்று கேட்பவர்கள் கே.சி.எஸ். பணிக்கரைத் தெரிந்துகொள்ளலாம். 1911-ல் பிறந்தவர், பிறந்த ஊர் பக்கத்திலிருக்கும் கோயம்புத்தூர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த இவர், 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை மிகப் புகழ்பெற்றது. ஜாதகக் கட்டம் போலவும் ஓலைச்சுவடி போலவும் தெரியும். எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் படிக்க முடியாது.

ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பது அவருக்கும் மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் உருவாக்கியதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். நவீன ஓவியர்களுக்குத் தமிழ்நாட்டில் இடம் வாங்கிக் கொடுத்தது துணிதான்.

கீராம்பூரில் பிறந்த கே.எம்.ஆதிமூலத்தை (1938-2008) காந்தியின் கோட்டோவியங்களுக்காகவும் சிற்றிதழ் அட்டைகளுக்காகவும் பலருக்குத் தெரியும். அவரும் பின்னாளில் உருவங்களை விட்டு, வண்ணங்களை மட்டும் வைத்துப் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டினார்.

மூன்று வகை பிரிண்ட்

முதல் வகை, ஓவியரே அச்சுக்காகத் திட்டமிட்டுச் செய்யும் மூல அச்சு. செரிகிராஃப், லித்தோகிராஃப், எட்சிங் எல்லாம் இதில் வரும். கீழே 12/100 என்பது போல எழுதியிருக்கும். மொத்தம் அடித்த 100 பிரதிகளில் இது 12-வது என்று அர்த்தம். அடித்து முடித்ததும் ஸ்கிரீனையோ தகட்டையோ அழித்துவிடுவது வழக்கம். விலை அதிகமாக இருப்பதற்கு இந்த எண்ணிக்கையும் ஒரு காரணம்.

இரண்டாவது, 'ஜிக்லே' எனப்படும் உயர்தர இங்க்ஜெட் பிரதி. ஓவியத்தைப் படமெடுத்து, பிக்மென்ட் மையால் நல்ல காகிதத்திலோ கேன்வாஸிலோ அச்சிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், பல காலம் உழைக்கும். ஆனால், இது நகல்தான். ஓவியர் கையெழுத்தும் எண்ணும் இருந்தால் மட்டுமே கூடுதல் மதிப்பு.

மூன்றாவது, ஆஃப்செட் போஸ்டர். சுவருக்கு அழகு தரும். அதற்கு மேல் விலை கொடுக்கத் தேவையில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? துணியில் இழை பார்க்கும் லென்ஸே போதும். ஆஃப்செட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரியும். இங்க்ஜெட்டில் மிக நுண்ணிய துளிகள் சிதறிக் கிடக்கும். கையால் அடித்த செரிகிராஃபில் ஒவ்வொரு நிறமும் திட்டமாக, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். பிரிண்டிங் வேலை தெரிந்த கைக்கு, விளிம்பைத் தடவினாலே புரிந்துவிடும்.

யார் படத்தை அடிக்கலாம்?

பையர் கொடுத்த டிசைனை அடுத்தவருக்கு அடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது திருப்பூருக்குத் தெரியும். ஓவியத்துக்கும் அதே நியாயம்தான். இந்தியச் சட்டப்படி, ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. பணிக்கர் மறைந்தது 1977-ல். அவர் படங்களுக்கு 2037 முடியும்வரை உரிமை இருக்கிறது. 'பிந்து' ஓவியங்களால் உலகப் புகழ்பெற்ற எஸ்.எச்.ரஸா 2016-ல் மறைந்தார். அவருக்கு 2076 வரை. இவர்கள் படத்தை அச்சிட்டு விற்பவரிடம், 'அனுமதி வாங்கியிருக்கிறீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

பால் க்ளே 1940-லும், காண்டின்ஸ்கி, மோந்த்ரியான் இருவரும் 1944-லும் மறைந்தவர்கள். இவர்களின் ஓவியங்கள் இந்தியாவில் பொதுச்சொத்து ஆகிவிட்டன. பெரிய அருங்காட்சியகங்கள் பல, இத்தகைய படங்களைத் தெளிவான கோப்புகளாக இலவசமாகவே தருகின்றன. நல்ல காகிதம் வாங்கி, தெரிந்த டிஜிட்டல் பிரஸ்ஸில் நீங்களே அடித்துக்கொள்ளலாம். ஏ3 அளவுக்குச் சுமார் 3,500 x 5,000 பிக்ஸல் இருந்தால் படம் துல்லியமாக வரும். வாட்ஸ்அப்பில் வந்த படம் இதற்கு உதவாது.

மாட்டும் முன்...

* அமிலம் இல்லாத, பருத்தி இழைக் காகிதம் கேளுங்கள். சாதாரணக் காகிதம் சீக்கிரம் பழுப்பேறும். கைக்காகிதப் பட்டறைகளுக்குப் பனியன் கட்டிங் வேஸ்ட்டும் ஒரு மூலப்பொருள்தான்.

* வெயில் நேராக விழும் சுவரும் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். வெயிலில் காயும் துணிக்கு என்ன ஆகுமோ, அதேதான் படத்துக்கும்.

* ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

* எண்ணிட்ட பிரிண்ட் என்றால் ரசீதும் சான்றிதழும் பத்திரமாக இருக்கட்டும். ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். கையெழுத்து அங்கேதான் இருக்கும்.

எதை வாங்குவது?

'இதில் என்ன இருக்கிறது?' என்று விருந்தாளி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்திலேயே பலர் அரூப ஓவியத்தைத் தவிர்க்கிறார்கள். ரஸாவின் பிந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? சிறு வயதில் மனம் அலைபாய்ந்துகொண்டிருந்த அவரை, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அந்தப் புள்ளிதான் பின்னாளில் ஓவியமானது.

அதனால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். பிடித்த படத்தை மொபைல் திரையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். எட்டாவது நாளும் பார்க்கத் தோன்றினால் வாங்கலாம். இரண்டு நீலத்துக்கு நடுவே உள்ள ஷேடு வித்தியாசத்தைத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துப் பழகிய கண்கள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. வண்ணத்தைப் பார்க்க அந்தக் கண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.