தூங்காநகரத்தின் தூங்காத காது

இரவு மணி பன்னிரண்டே முக்கால். பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகும் பேருந்துகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பைபாஸ் ரோட்டில் எங்கோ ஒரு கடையில் கொத்து பரோட்டா தாளம் கேட்கிறது. மதுரைக்குத் தூங்காநகரம் என்று பெயர்; அதனால் இந்த நேரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்த வீட்டில் இருப்பவருக்கு இது வேறு வகை விழிப்பு. நண்பர்களோடு வெளியே போன கணவர் பத்தரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்றுக்குக் கூப்பிட்டபோது மணி அடித்தது, எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் அனுப்பிய “எங்கிட்டு இருக்கீங்க?” ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இது குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக் கதையும் இல்லை. சில வீடுகளில் ஆள் மாறியிருக்கும்: நைட் ஷிப்ட் முடிந்து வரவேண்டிய மனைவிக்காக வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பவர் கணவராக இருப்பார். உடம்புக்குள் நடப்பது இருவருக்கும் ஒன்றுதான். கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. செய்தியே வரவில்லை, அவ்வளவுதான். அதற்கே நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

முதலில் காதிலிருந்து தொடங்குவோம். அவர் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சத்தம்: தன் வீட்டு வண்டி. நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்குள் வினாடிக்கு 25 முறை பெட்ரோல் எரிகிறது. அந்தத் துடிப்போடு சைலன்சரின் கரகரப்பு, தெருமுனை வேகத்தடையில் கியர் இறங்கும் விதம், கேட்டருகே ஸ்டாண்டு போடும் ஓசை எல்லாம் சேர்ந்து ஒரு கைரேகை போல மூளையில் பதிந்துவிடுகிறது. தூக்கத்திலும் மூளை ஆள் பார்த்துத்தான் ஓசையை உள்ளே விடுகிறது. 1960இல் இங்கிலாந்தில் இயான் ஆஸ்வால்டும் சக ஆய்வாளர்களும் தூங்குகிறவர்களுக்கு வரிசையாகப் பல பெயர்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். மற்ற பெயர்களைவிடத் தன் பெயர் வந்தபோதுதான் தூங்குகிறவரின் மூளை அலைகள் அதிகம் சலனம் காட்டின.

இரவும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. பகலில் தரை கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஒலி அலை மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை சீக்கிரம் குளிர்வதால் கீழே குளிர்காற்று, மேலே சூடான காற்று என்று அடுக்கு தலைகீழாகிறது. ஒலி இப்போது தரையை நோக்கி வளையும். பகலில் காதில் விழாத திருமங்கலம் பக்கத்து ரயில் கூவல் நடுராத்திரியில் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல இருப்பது இதனால்தான். தூரத்து வண்டிகளின் சத்தமும் அப்படியே வந்து சேர்கிறது. காத்திருப்பவருக்கு ஒவ்வொன்றும் ‘இதோ வந்துட்டார்’தான்.

ஏன் ஒவ்வொன்றும் அப்படித் தோன்ற வேண்டும்? இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சிக்கல் இது. மங்கலான ஒரு புள்ளி எதிரி விமானமா, வெறும் இரைச்சலா? விமானத்தைத் தவறவிட்டால் ஊர் போய்விடும். இரைச்சலை விமானம் என்று நினைத்தால் கொஞ்சம் பதற்றம் மட்டும். எனவே ‘விமானம்’ என்று சொல்வதற்கான வரம்பு தானாகத் தாழ்ந்துவிடும். இந்தச் சிக்கலிலிருந்து வளர்ந்த கோட்பாட்டை உளவியலுக்குள் கொண்டுவந்து டேவிட் கிரீனும் ஜான் ஸ்வெட்ஸும் 1966இல் புத்தகமாக்கினார்கள். முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதும் ஒரு ரேடார் திரைதான். வரம்பு தாழ்ந்துகிடக்கிறது. எந்த வண்டி வந்தாலும் எழுந்து போய் ஜன்னலைப் பார்க்கிறார். வண்டி தாண்டிப் போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம்.

இந்த ஏற்ற இறக்கத்தை 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். 45 பேர் ஒரு கணினி விளையாட்டு ஆடினார்கள். திரையில் பாறைகள், இந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பாம்பு இருந்துவிட்டால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தபோது, கட்டாயம் அதிர்ச்சி உண்டு என்று தெரிந்த நேரத்தைவிட, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்ற சரிபாதி நிலையில்தான் உடம்பு அதிகம் தவித்தது. வரப்போவது உறுதி என்றால் உடம்பு அதற்குத் தயாராகிவிடும். எதற்குத் தயாராவது என்றே தெரியாதபோது எல்லாவற்றுக்கும் தயாராகிறது. தாகம் எடுக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சரிபாதியின் கூத்து இது.

பதில் கிடைக்காத மனம் கிடைத்ததை எல்லாம் பதிலாக்கிக்கொள்ளும். இதற்குச் சாட்சி மதுரையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில், சிலம்பை விற்றுவரப் போன கோவலன் திரும்பவில்லை. மாதரி வீட்டில் கண்ணகி இருக்கிறாள். ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, பசுவின் கழுத்துமணி அறுந்து விழுகிறது. கேடு வரப்போகிறது என்று அஞ்சி ஆய்ச்சியர் குரவை ஆடினார்கள். முல்லைப்பாட்டிலோ, போருக்குப் போன தலைவன் வருவானா என்று அறிய முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் நிற்கிறார்கள். கன்றைத் தேற்றும் ஆயர்மகளின் சொல் காதில் விழ, அதை நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். விரிச்சி என்று இதற்குப் பெயர்.

பல்லி சொல்வதும் வலக்கண் துடிப்பதும் அந்த வரிசைதான். ஒற்றை டிக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதும்கூட இன்றைய விரிச்சிதான். 2008இல் ஜெனிபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எதுவும் தன் கையில் இல்லை என்ற உணர்வை முதலில் ஊட்டிவிட்டு, வெறும் புள்ளிகள் சிதறிய படங்களைக் காட்டினார்கள். அந்த உணர்வில் இருந்தவர்கள், இல்லாத உருவங்களை அதிகமாகக் கண்டார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்துவிடலாம். ஆனால் கையில் பிடி இல்லாதபோது மூளை ஏதாவது ஒரு பிடியைச் செய்துகொள்கிறது. பிடி பொய்யாக இருந்தாலும் அதற்கு அது தேவைப்படுகிறது.

சரி, தெருவில் எத்தனையோ பேர் இன்னும் வீடு திரும்பவில்லை. இவருக்காக மட்டும் ஏன்? இதற்குப் பதில் சொல்ல வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும் எலி போன்ற ஒரு சின்ன விலங்கு உதவியது. பிரேரி வோல் என்பது அதன் பெயர். பாலூட்டிகளில் அபூர்வமாக, ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, சேர்ந்தே குட்டி வளர்ப்பவை. ஆலிவர் போஷ், லாரி யங் ஆகியோரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் சில ஆண்களைத் துணையிடமிருந்தும், சிலவற்றை உடன்பிறந்த ஆணிடமிருந்தும் சில நாள் பிரித்துவைத்தார்கள். பிறகு தண்ணீரில் விட்டார்கள். சகோதரனைப் பிரிந்தவை எப்போதும்போல நீந்தித் தப்பிக்கப் பார்த்தன. துணையைப் பிரிந்தவை அதிக நேரம் முயற்சியை விட்டு வெறுமனே மிதந்தன.

இதைவிட வியப்பு மூளைக்குள் இருந்தது. பதற்றத்தைத் தூண்டும் சிஆர்எஃப் என்ற வேதிப்பொருளைச் செய்வதற்கான தயாரிப்பு, துணையைப் பிரிந்த ஆண்களிடம் கூடியிருந்தது. அதில் புதுமை இல்லை. ஆனால் துணையோடு நிம்மதியாக இருந்த ஆண்களிடமும் அதே அளவுக்குக் கூடியிருந்தது. அதாவது பிரிவு வந்தபிறகு அபாயமணி மாட்டப்படவில்லை. ஜோடி சேர்ந்த அன்றே அது மாட்டியாகிவிட்டது. பக்கத்தில் துணை இருக்கும்வரை அடிக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

மனிதர்களில் இதன் மறுபக்கத்தை 2006இல் ஜேம்ஸ் கோன் பார்த்தார். திருமணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, மின்னதிர்ச்சி வரலாம் என்று அச்சுறுத்தினார். யார் கையையும் பிடிக்காதபோது மூளையின் அச்சப் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தன. கணவர் கையைப் பிடித்தபோது இன்னும் நன்றாகத் தணிந்தன. நல்ல உறவில் இருந்தவர்களிடம் அந்தத் தணிவும் அதிகம். அச்சத்தை அடக்கும் வேலையில் ஒரு பங்கை மூளை துணையின் கையில் கொடுத்துவைத்திருக்கிறது. பத்தரைக்கு வரவேண்டியவர் வராதபோது, பயம் வந்திருக்கிறது. பயத்தைத் தணிப்பவர் வரவில்லை. வீட்டில் இருப்பவரின் சுமை இரட்டிப்பாவது இப்படித்தான். முல்லைத் திணைக்கு உரிப்பொருளாக ‘இருத்தல்’ என்று காத்திருப்பையே வைத்த நம் இலக்கண மரபு, இது ஒரு தனி நிலை என்று கண்டுகொண்டிருந்தது.

நடுராத்திரி இதை மேலும் கெடுக்கும். 2007இல் மாத்யூ வாக்கரின் குழு, ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டியது. நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களின் அமிக்டலா என்ற அச்ச மையம் 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக எரிந்தது. அதைத் தட்டி அடக்கும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. நம்மவர் 35 மணி நேரம் விழித்திருக்கவில்லை. ஆனால் காலை ஐந்துக்கு எழுந்து தண்ணீர் பிடித்தவருக்கு இப்போது இருபது மணி நேரம் ஆகப்போகிறது. பதினொரு மணிக்கு ‘பேச்சு சுவாரசியத்துல இருப்பாரு’ என்று சொன்ன அதே மனம் ஒரு மணிக்கு ஆம்புலன்ஸைப் பார்க்கிறது.

அந்தப் படம் வெறும் கற்பனை என்றும் ஒதுக்க முடியாது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். நாளுக்கு 49 பேர். நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஆனால் அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. ஏழரைக் கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் 49 என்றால், சராசரியாக ஒரு நாளில் ஒருவருக்கு நேர்வது பதினைந்து லட்சத்தில் ஒன்று. தாமதமும் சுவிட்ச் ஆஃபும் சேரும்போது அது கூடும், உண்மைதான். ஆனால் சார்ஜ் தீர்வது, டயர் பஞ்சராவது, நண்பர் வீட்டில் கண் அயர்வது எல்லாம் அதைவிடப் பலமடங்கு அடிக்கடி நடப்பவை. கூடவே இன்னொரு விநோதம்: நாட்டில் விபத்துகள் அதிகம் பதிவாவது நாம் பயப்படத் தொடங்கும் நடுராத்திரியில் இல்லை, மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். அப்போது நாம் சீரியல் பார்த்துக்கொண்டிருப்போம்.

கணக்கு தெரிந்தால் பயம் போய்விடாது. காரியம் செய்தால் குறையும். கூடப் போன நண்பர்களின் எண் கையில் இருப்பது, எத்தனை மணிக்கு மேல் தேடத் தொடங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது, இரண்டும் சரிபாதியை உடைக்கும். நேரம் தாண்டிவிட்டால் 112க்குச் சொல்லலாம். ஆளைக் காணோம் என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வெளியே போகிறவர் பக்கம் இருப்பது இன்னும் சின்ன வேலை. “லேட்டாகும்” என்ற ஒரு சொல், நல்ல செய்தியாகவே இல்லாவிட்டாலும், பாறையைப் புரட்டிக் காட்டிவிடுகிறது.

ஒன்றே முக்காலுக்குத் தெருமுனையில் கியர் இறங்குகிறது. ஸ்டாண்டு சத்தம். எழுந்து ஜன்னலைப் பார்க்கவே வேண்டியதில்லை, காது சொல்லிவிட்டது. கதவு திறந்ததும் கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் சினிமாவில் வரும். இங்கே வருவது வேறு.

“போனை எடுத்தா குறைஞ்சா போயிருவீங்க? இம்புட்டு நேரம் எங்கிட்டு இருந்தீங்க?”

“சார்ஜ் தீந்துருச்சும்மா…”

“நாலு பேரு கூட இருந்தாங்கள்ல? அவங்க போன்லயும் தீந்துருச்சாக்கும்?”

மூன்று மணி நேரம் வேண்டாத சாமி இல்லை, வந்ததும் வசவு. டால்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் 1970களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு காரணத்தால் கிளர்ந்த உடம்பு, காரணம் போனதும் உடனே அடங்குவதில்லை. மிச்சமிருக்கும் கொதிப்பு அடுத்து வரும் உணர்ச்சியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பயத்தின் மிச்சம் கோபமாகிறது. பிரிவைப் பற்றி 1973இல் தனி நூலே எழுதிய ஜான் பவுல்பி இன்னும் ஒரு படி போனார். ரோட்டில் ஓடிய பிள்ளையைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைக்கும் தாயின் கோபம் போன்றது இது என்றார். இனி இப்படிச் செய்துவிடாதே என்று பந்தத்தைக் காப்பாற்ற வரும் கோபம். இனி வரவே மாட்டார் என்று ஆகிவிட்டால் இந்தக் கோபத்துக்கு வேலை இல்லை.

ரத்தத்தில் ஏறிய அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். கார்டிசால் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆள் வந்து சேர்ந்துவிட்டார். நிம்மதி இன்னும் வழியில்தான் இருக்கிறது. அதுவரை பாத்திரம் கொஞ்சம் சத்தமாகத்தான் வைக்கப்படும்.

மூன்று மணிக்குத் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போகிறது. குளிர்ந்த தரை அந்த ஒலியைத் தெருத்தெருவாக வளைத்துக் கொண்டுவந்து ஜன்னல்வரை சேர்க்கிறது. அந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை.