பாதத்துடுப்பும் தசைப்பிடிப்பும்

மன்னார்க் கடலிலே முத்துக் குளித்த பழைய சுழியோடிகள் கயிற்றிற் பிணித்த கல்லின் பாரத்தினாலே அடித்தளத்தை அடைந்தனர். தோணியில் நின்றவர் கயிற்றை இழுக்க மேலே வந்தனர். ஒரு மூச்சளவே நீருள் தங்கிய அவர்தம் கால்களுக்கு வேலை அதிகமில்லை. 1943 ஆம் ஆண்டிலே குஸ்தோ, கான்யான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் சுவாசக் கருவியைத் திருத்தமுற அமைத்தபின் நிலைமை மாறிற்று. காற்றுக்கலத்தை முதுகிற் சுமக்கும் இக்காலச் சுழியோடி முக்கால் மணி நேரமும் நீருள் உலாவலாம். அவனை நகர்த்துவன கால்களே. அவற்றிற்குத் துணையாவது, 1933 இல் லூயி த கோர்லியே என்னும் பிரெஞ்சு முன்னாட் கடற்படையதிகாரி உரிமை பதிந்த இறப்பர்த் துடுப்பு.

துடுப்பின் அகன்ற தகடு மிகுந்த நீரைத் தள்ளுகின்றது. அந்நீரின் எதிர்ப்பு முழுவதும் கணுக்காலையும் கெண்டைக்காலையும் தாக்குகின்றது. அன்றியும், நடக்கும்போது பாதம் கணைக்காலுக்கு ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்க, துடுப்படிக்கும்போது விரல்நுனி பின்னோக்கி நீள்கின்றது. அந்நிலையிற் கெண்டைத்தசை முன்னரே குறுகியிருக்கும். குறுகிய தசையை மேலும் சுருக்கினால் அது பிடித்துக்கொள்ளுதல் எளிது. நள்ளிரவிற் படுக்கையிலே காலை நீட்டி நெளித்து அலறி எழுந்தவர் இதனை நன்கறிவர்.

உடலிலே நீரும் உப்பும் குறைதலே தசைப்பிடிப்பிற்குக் காரணமென்பது 1920 களில் ஆங்கில நாட்டுச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தோர் வளர்த்த கொள்கை. களைத்த தசைக்கும் நரம்பிற்குமிடையே கட்டுப்பாடு பிறழ்தலே காரணமென 1997 இல் தென்னாபிரிக்க அறிஞர் சிலர் உரைத்தனர். முன்னையதை முற்றாகத் தள்ளவேண்டியதில்லை. நீருள் மூழ்கினோர்க்குச் சிறுநீர் மிகுதியாகச் சுரத்தலின், முன்னரே நீரருந்துதல் நன்று. ஆயினும் உப்புக்கரைசலைக் குடித்துவிட்டுப் பொருந்தாத துடுப்பை மாட்டிக்கொள்பவனுக்கு அக்கரைசலாற் பயன் சிறிதே.

துடுப்பு இறுகினால் உள்ளங்கால் நெரிபடும். தளர்ந்தாலோ, அது கழன்றுவிடாதிருக்க விரல்கள் தம்மையறியாமலே மடங்கிப் பற்றும். உள்ளங்காலின் சிறு தசைகள் முதலிற் களைப்பது இதனாலேயே. கடலில் அணியும் காலுறையோடு அணிந்துபார்த்தே துடுப்பை வாங்கவேண்டும். விரைவை விரும்பி நீண்ட, விறைத்த தகட்டைத் தெரிவது புதியவர் செய்யும் தவறு.

உதைக்கும் முறை இதனினும் முக்கியமானது. சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடக்கி மிதித்தல் வீண்வேலை. இடுப்பு மூட்டிலிருந்து தொடைத்தசைகளால் மெல்ல வீசவேண்டும், கணுக்கால் தளர்ந்திருக்கவேண்டும். இடைவாரில் ஈயம் மிகுந்தாற் கால்கள் தாழ்ந்து, மூழ்காதிருப்பதற்காகவே ஓயாது உதைக்க நேரும்.

இவ்வளவு செய்தும் பிடிப்பு வந்தால் உடனே உதைத்தலை நிறுத்தித் துணைவனுக்குச் சைகை செய்தல் வேண்டும். பின்னர்த் துடுப்பின் நுனியைக் கையாற் பற்றி, முழங்காலை மெல்ல நிமிர்த்தியவாறு கணைக்காலை நோக்கி இழுத்தால், குறுகிய தசை நீண்டு இளகும். கை எட்டாதாயின் துணைவன் அந்நுனியைத் தள்ளி உதவலாம்.

பிடிப்பு எவரையும் கொல்வதில்லை. அதனால் எழும் கலக்கமே கொல்கின்றது. 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று நீர்மட்டத்தில் இருமடங்காக விரியும். வலி பொறாது மூச்சையடக்கி மேலே பாய்பவனின் நுரையீரல் கிழிதல் கூடும். வலி தணிந்தபின் தவளைபோல உதைத்து மெதுவாகச் செல்லலாம். மீண்டும் பிடித்தால், அன்றைய சுழியோட்டத்தை அவ்வளவில் நிறுத்தி, வழக்கம்போல மூச்சுவிட்டுக்கொண்டு துணைவனோடு மெல்ல மேலேறவேண்டும்.