மேற்குமலைத் தடங்கள் – 7: புல்லும் காடுதான்

சென்ற வாரம் சோலைக்காட்டின் இருட்டுக்குள் இருந்தோம். இந்த வாரம் வெளியே வருவோம். முக்குருத்தியில் அதற்கு நாலு எட்டு வைத்தால் போதும். பாசி படர்ந்த குள்ள மரங்கள் சட்டென்று நின்றுவிடும். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். மேடுகளெல்லாம் புல்லாகவும், பள்ள மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைத் திட்டாகச் சோலையும் கிடக்கும்.

நீலகிரியின் மேற்கு விளிம்பில், கேரள எல்லையை ஒட்டி, சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது இந்தத் தேசியப் பூங்கா. முக்குருத்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். இறந்த மனிதர்களின் உயிரும் எருமைகளின் உயிரும் இந்தச் சிகரத்தின் வழியாகத்தான் மறுவுலகம் போகின்றன என்பது தோடர் பழங்குடியினரின் நம்பிக்கை.

இந்தப் புல்வெளியை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இங்கிருந்த மரத்தையெல்லாம் யார் வெட்டினார்கள்?" என்றுதான். யாரும் வெட்டவில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த மேடுகளில் உறைபனி படியும். சோலை மரங்களின் இளங்கன்றுகள் அந்தக் குளிரில் கருகிவிடும். புல்லுக்கு நுனி மட்டுமே காயும். அடித்தூரில் உயிர் இருக்கும், மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மக்கிய மண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், இங்கே புல்தான் ஓங்கியிருந்தது என்று அந்த மண் சொல்கிறது.

ஈரமான ஒரு சரிவில் முழங்காலிட்டுப் புல்லை விலக்கிப் பாருங்கள். விரல் உயரத்தில் அழுகண்ணிச் செடி நிற்கும். சிறு இலை, அதைச் சுற்றிச் சிவந்த மயிரிழைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பிசுபிசுப்பான ஒரு துளி. பனித்துளி என்று நம்பி உட்காரும் சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். இழைகள் மெல்ல வளைந்து அதை அமுக்கும். தழைச்சத்து குறைந்த மண்ணில் இந்தச் செடி பிழைக்கும் வழி அது. தரையில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவைக்கும் உயரமான இந்தப் புல்வெளிகளை விட்டால் வேறு வீடு கிடையாது.

வரையாட்டுக்கு வருவோம். நம் மாநில விலங்கு. வெட்டவெளியில் மேயும், ஆபத்து என்றால் செங்குத்துப் பாறைக்கு ஓடும். அதன் பிழைப்பே இந்த இரண்டையும் நம்பித்தான். குளம்பின் ஓரம் கெட்டியாக இருக்கும், நடுவில் ரப்பர் போன்ற மெத்தை. மழை நனைத்த பாறையிலும் வழுக்காது. மந்தை மேயும்போது ஒரு பெட்டை தலைதூக்கிக் காவல் நிற்கும். சிறுத்தையோ செந்நாயோ கண்ணில் பட்டால் சீழ்க்கை ஒலி எழும். அடுத்த நொடி மந்தை முழுவதும் பாறை விளிம்பில் இருக்கும். வயதான கிடாக்களின் கருத்த முதுகில் சேணம் வைத்ததுபோல் வெள்ளித் திட்டு படர்ந்திருக்கும். தொலைவிலிருந்தே அதை வைத்துக் கிடாவை அடையாளம் காணலாம்.

இந்தக் காவலெல்லாம் பார்வை மறையாத வெளியில்தான் செல்லும். அங்கேதான் சீகை மரம் வந்து குறுக்கே நிற்கிறது. புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதிய ஆங்கிலேய ஆட்சி, 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசுகளும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் அவற்றை மேலும் மேலும் நட்டன. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. தேசியப் பூங்கா என்ற பலகையைப் பார்த்துச் சீகை விதை திரும்பிப் போய்விடாது. பல பத்தாண்டுகள் மண்ணில் தூங்கும். தீ பட்டால் விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடலாமா? வேண்டாம். பள்ளங்களில் உள்ள பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே அவசரம் கூடாது. மேட்டுப் புல்வெளியில் பரவும் இளஞ்சீகையை மட்டும் வேரோடு பிடுங்கி, மண் அரிக்குமுன் உள்ளூர்ப் புல்லை நட வேண்டும். அதே இடத்துக்கு வருடா வருடம் திரும்பி வர வேண்டும். பலர் தடுமாறுவது இந்தக் கடைசி வேலையில்தான். ஒருமுறை அகற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் சீகைதான் ஜெயிக்கும்.

அயல் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கை வகுத்தது. வரையாட்டுத் திட்டமும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணியதில் 2024-ல் 1,031 வரையாடுகள் தெரிந்தன, 2025-ல் 1,303. நல்ல சேதிதான், ஆனால் ஒரு மாநிலம் முழுவதற்கும் இவ்வளவே. இந்த மேடுகள் பிடித்துவைக்கும் மழைநீரில்தான் பைக்காரா ஆறு பிறக்கிறது என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

மலையில் மரம் நட நன்கொடை கேட்டு யாராவது வந்தால், என்ன மரம், எந்த இடம் என்று கேளுங்கள். புல்வெளி என்று பதில் வந்தால் கொடுக்காதீர்கள். ஏன் கொடுக்கவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

(தொடரும்)