செப்புத் தகட்டில் ரோமின் நீரூற்றுகள்

பரோக் கால ரோம் நகரின் நீரூற்றுகளையும் சதுக்கங்களையும் ஐரோப்பா முழுவதும் கொண்டு சேர்த்தவை செப்புத்தகட்டு அச்சுப்படங்கள். இக்கலையில் சிறந்தவர்களுள் ஒருவர் ஜொவான்னி பத்திஸ்தா ஃபால்டா (1643–1678). ஜொவான்னி ஜாக்கொமோ தெ ரோஸி என்ற பதிப்பாளருக்காக அவர் உழைத்தார். புதிய கட்டடங்களையும் சதுக்கங்களையும் காட்டும் தொகுப்பு 1665 முதல் வெளிவந்தது. நீரூற்றுகளுக்கென்றே தனித்தொகுப்பு 1675 வாக்கில் வந்தது.

செய்முறை பொறுமையைக் கேட்பது. மெருகேற்றிய செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இடப்படும். கோடுகள் தெளிவாகத் தெரிய அது புகையில் கருக்கப்படும். ஓவியர் ஊசியால் வரையும்போது மெழுகு மட்டுமே விலகிச் செம்பு வெளிப்படும். பிறகு தகட்டின்மேல் அமிலம் பாயும். ஊசி சென்ற இடங்களை மட்டும் அது அரிக்கும். தொலைவிலுள்ள கட்டடங்களின் கோடுகள் மெலிதாக இருக்க வேண்டும் என்பதால், சிறிது நேரத்திலேயே அவற்றை மெழுகெண்ணெய் பூசி மூடிவிடுவார்கள். அருகிலுள்ளவை மேலும் அரிபட்டு ஆழமாகும். தொலைவு என்னும் தோற்றத்தை உண்டாக்குவதில் அமிலம் வேலை செய்யும் நேரத்துக்கும் பங்குண்டு.

அடுத்து மையைத் தேய்த்து, தகட்டின் மேற்பரப்பைத் துடைப்பார்கள்; பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் தாள் அந்த மையை உறிஞ்சிக்கொள்ளும். படம் இடவலம் மாறி விழும் என்பதால், சதுக்கத்தைத் தகட்டில் திருப்பியே வரைய வேண்டும்.

கல்லுக்குக் கோடுகள் நெருங்கி அடர்கின்றன. நீருக்கோ அவை விலகிக்கொள்கின்றன. பாயும் தாரை என்பது பெரும்பாலும் மை படாத வெண்தாளே. அதைச் சுற்றியுள்ள நிழலே அதை ஒளிரச் செய்கிறது. நவோனா சதுக்கத்தில் பெர்னினி 1651-ல் முடித்த நான்கு நதிகள் நீரூற்று இதற்கேற்ற பொருள். தன்யூப், நைல், கங்கை, லா பிளாத்தா ஆகிய நதிகள் அங்கே மனித உருவில் பாறைமேல் வீற்றிருக்கின்றன. நடுவே தூபி ஓங்குகிறது. இத்தகைய காட்சிகளில் குதிரை வண்டிகளும் மனிதர்களும் சிறிய உருவங்களாக இடம்பெறுவதால் சதுக்கத்தின் பேரளவு விளங்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜுசெப்பே வாஸி 1747 முதல் 1761 வரை பத்து நூல்களில் ரோம் காட்சிகளை வெளியிட்டார். அவரிடம் பயின்ற பிரானேசி ஒளியையும் இருளையும் கடுமையாக மோதவிட்டு இக்கலையைப் புதிய உயரத்துக்குக் கொண்டு சென்றார்.

தெ ரோஸி குடும்பத்தின் தகடுகளைத் திருத்தந்தை அரசு 1738-ல் வாங்கியது. திரேவி நீரூற்றை ஒட்டிய கட்டடத்தில் இயங்கும் அரசு அச்சுக்கலை நிறுவனத்தில் அவை இன்று பாதுகாக்கப்படுகின்றன.