சர்வருக்கும் வேண்டும் ஒரு தடுப்பூசி அட்டை

குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாயிடம் செவிலியர் முதலில் கேட்பது அட்டையைத்தான். 'எல்லா ஊசியும் போட்டாயிற்று' என்ற நினைவு மட்டும் போதாது. எந்த ஊசி, எந்தத் தேதியில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவமனைகளின் சர்வர் கணினிக்கும் இவ்விதி பொருந்தும். நோயாளியின் பதிவு எண், இரத்தப் பரிசோதனை முடிவு, ஒவ்வாமைக் குறிப்பு ஆகியவை அதில் சேமிக்கப்படுகின்றன. அதன் மென்பொருளில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், தயாரித்த நிறுவனம் அதைச் சரிசெய்யும் புதுப்பிப்பை வெளியிடும். ஆனால், வெளியானது வேறு. நம் சர்வரில் நிறுவப்பட்டது வேறு.

2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் ஒரு குறைக்கு மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பை வெளியிட்டது. மே 12 அன்று அதே குறையின் வழியே 'வானாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் இரத்தாயின. மருந்து இரண்டு மாதங்களாகக் கைவசம் இருந்தும், பல கணினிகளுக்கு அது செலுத்தப்படவில்லை.

நம் நாட்டில், 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. நோயாளிப் பதிவு உள்ளிட்ட பணிகள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையால் எழுதியே நடைபெற்றன. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணமென அரசு தெரிவித்தது. ஆகவே புதுப்பிப்பு ஒன்றே முழுக் காப்பு அன்று. எனினும் அது தவிர்க்கக்கூடாத முதற்காப்பு.

விண்டோஸ் புதுப்பிப்புகளுக்குத் தனித்தனி எண் உண்டு. நிறுவப்பட்டவற்றின் பட்டியலைக் கணினியே காட்டும். எந்தச் சர்வர், எந்த எண், எந்தத் தேதி, நிறுவியவர் யார், நிறுவியபின் மறுதொடக்கம் செய்யப்பட்டதா என்பவற்றைப் பதிவேட்டில் எழுதி, அப்பட்டியலுடன் ஒப்பிட்டால் விடுபட்டது புலப்படும். மறுதொடக்கம் முக்கியம், அதுவரை பல புதுப்பிப்புகள் செயலுக்கு வருவதில்லை.

மறுதொடக்கத்தின்போது சேவை சிறிது நேரம் நிற்கும். கிரிவலத்துக்குப் பெருங்கூட்டம் வரும் திருவண்ணாமலையில், பௌர்ணமி இரவு அதற்கு ஏற்றதன்று. ஜவ்வாது மலையிலிருந்து வருபவரை 'நாளை வாருங்கள்' என்று திருப்பி அனுப்பவும் இயலாது. எனவே நேரத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மருந்துச் சீட்டு, அண்மைய பரிசோதனை முடிவு, ஒவ்வாமை விவரம் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, வரும்போதெல்லாம் கொண்டு வாருங்கள். கணினி நின்றாலும் சிகிச்சை நிற்காதிருக்க அது துணைசெய்யும்.