கிணறுகளுக்கு ஒரு படம்

யாழ்ப்பாணத்தில் வழி கேட்டால் கிணற்றையும் மரத்தையும் கோயிலையும் வைத்துத்தான் வழி சொல்வார்கள். "ஆலமரத்தடிக் கிணறு தாண்டி மூன்றாவது படலை" என்றால் போதும். ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்து, இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் காத்திருந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த மரமும் இல்லை, படலையும் இல்லை. பற்றை மூடிய காணிக்குள் தங்கள் கிணற்றையே தேட வேண்டியிருந்தது.

அப்படியான ஒரு கிராமத்தில் 2019 ஆம் ஆண்டு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துடன் நான் வேலை செய்தேன். அருகிலுள்ள பாடசாலையின் சுற்றாடல் கழகப் பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்தார்கள். கைத்தொலைபேசியை வைத்து ஊர்க் கிணறுகளைப் படத்தில் குறிப்பதே வேலை. பிள்ளைகளுக்கு அது சுற்றாடல் பாடம். தாய்மாருக்கோ அது குடிதண்ணீர்ப் பிரச்சினை.

ஏன் கிணறு?

எமது குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாக இறங்கி, நிலத்தின் கீழ் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. அந்த நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலே வர இடமுண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராவது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது கிணற்றுக்கு வருகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். போத்தல் பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கே இது மிகவும் கூடாது. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்ல முடியாமற் போய்க் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். தாய்ப்பாலே குழந்தைக்குப் பாதுகாப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி எப்படி இடத்தை அறிகிறது?

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. குறைந்தது 24 செய்மதிகள் எப்போதும் வேலையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவை அனுப்பும் சமிக்ஞை வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு, நான்கு செய்மதிகளாவது தெரிந்தால், தொலைபேசி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு இணையமோ டேட்டா காசோ தேவையில்லை. படத்தைத் திறக்கத்தான் அவை வேண்டும். அதையும் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம்.

2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பியது. அது நிறுத்தப்பட்ட பின்னர் இக்கருவி சாதாரண மக்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்பட்டது. 2005 இல் கூகுள் ஏர்த் வந்தது. 2004 இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மப் படத்தில் எவரும் தம் ஊரைத் தாமே குறிக்கலாம். கென்யாவில் நைரோபி நகரின் கிபேரா குடிசைப் பகுதி படத்தில் வெற்றிடமாகக் கிடந்தது. 2009 இல் அங்குள்ள இளைஞர்களே நடந்து நடந்து அதைக் குறித்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, "அப்ப எங்கடை ஊரையும் நாங்களே போடலாம் மிஸ்" என்றாள் தரம் ஒன்பது மாணவி ஒருத்தி.

"படம் கீறுறியளோ?"

முதல் நாளே தடை வந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் படலையைத் திறக்கவில்லை.

"என்ன பிள்ளை, படம் கீறுறியளோ? அந்த நாளிலை வீட்டிலை ஒரு மப் இருந்தாலே பயம். இப்ப நீங்களே வந்து என்ரை வளவைக் குறிக்கிறியள்."

நான் விளக்கம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தண்ணிக்கு எண்டால் சரி. ஆனால் ஆம்பிளை இல்லாத வீடு எது எண்டு மட்டும் அதிலை போடாதையுங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் படிவத்தில் 'பெண்தலைமைத்துவக் குடும்பம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த பழக்கத்தில் யோசிக்காமல் சேர்த்திருந்தேன். தனித்து வாழும் பெண்களின் வீடுகளைக் காட்டும் படம் யார் கைக்குப் போகும் என்று நான் எண்ணவில்லை.

அன்று பின்னேரம் சங்கம் கூடி முடிவெடுத்தது. படத்தில் கிணற்றுக்கு இலக்கம் மட்டுமே இருக்கும். எந்த இலக்கம் எந்த வீடு என்ற கொப்பி செயலாளரிடம் இருக்கும். படம் இணையத்தில் ஏற்றப்படாது. சங்கக் கட்டிடச் சுவரில் மட்டும் தொங்கும். இன்னொரு கட்டுப்பாடும் வைத்தோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள் எவரும் கால் வைக்கக்கூடாது. செய்மதிப் படம் மண்ணுக்குள் இருப்பதைக் காட்டாது. அந்த இடங்களை வெறுமையாகவே விட்டோம்.

நான் விட்ட பிழை

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதனிலும் கூடுதலாக இருப்பது நல்லது. நான்கு மாதக் குழந்தையுடன் இருந்த ஒரு தங்கச்சியின் வளவில் இரண்டையும் தொலைபேசியில் குறித்தோம். திரை 52 அடி என்றது. "பயமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு அளவை கற்பிக்க ஆசிரியை அளவு நாடாவைக் கொண்டுவந்தார். அதே வளவில் நாடா 34 அடியைத்தான் காட்டியது. திறந்த வெளியிலேயே தொலைபேசி ஏறத்தாழ ஐந்து மீற்றர், அதாவது பதினாறு அடி, தவறக்கூடியது. பனையும் மதிலும் மறைத்தால் பிழை இன்னும் கூடும். இரண்டு புள்ளிகளும் தவறினால் தூரம் எவ்வளவு மாறும்! ஊரில் கிணறு எங்கே என்று காட்ட அந்தக் கருவி போதும். ஒரு வளவுக்குள் அளக்க அது உதவாது. இதை நான் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

பரிசோதனைத் தாளைத் தண்ணீரில் தோய்த்தபோது நிறம் 50 என்ற அளவைத் தாண்டியது. அந்தத் தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை.

"நீங்கள் சொன்னபடியால்தான் அக்கா அந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சனான்" என்று மட்டும் சொன்னாள்.

குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அது எனது கெட்டித்தனத்தால் அல்ல. அன்றிலிருந்து தூரம் எல்லாவற்றையும் நாடாவால் அளந்தோம். சரி என்று சொல்லியிருந்த மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போனோம்.

படம் தந்த பயன்

நல்ல தண்ணீருக்கு நீலம், உவருக்கு மஞ்சள், நைத்திரேற்று கூடியதற்குச் சிவப்பு என்று பிள்ளைகள் நிறம் போட்டார்கள். சிவப்புப் புள்ளிகள் தோட்டங்களின் ஓரமாகவும் வீடுகள் நெருங்கிய ஒழுங்கையிலும் கூடியிருந்தன. அதுவரை "என்ரை கிணறு சரியில்லை" என்று தனித்தனியே கவலைப்பட்ட பெண்கள் "எங்கடை பக்கத்துத் தண்ணி" என்று பேசத் தொடங்கினார்கள். படத்தோடு பிரதேச செயலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் போனார்கள். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு எந்த நீலக் கிணற்றிலிருந்து அள்ளுவது என்று சங்கமே ஒழுங்கு செய்தது. அந்தத் தங்கச்சிக்கு மூன்றாவது வளவுக் கிணறு கிடைத்தது. படலை திறக்க மறுத்த அம்மாவின் கிணறுதான் அது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். பாடசாலையுடன் சேருங்கள். ஒரு தொலைபேசியும், ஒரு கொப்பியும், ஓர் அளவு நாடாவும் போதும். தண்ணீரைப் பரிசோதிக்கப் பரிசோதகரின் உதவியைக் கேளுங்கள். படத்தில் எதைப் போடுவது, எதை விடுவது, அது யாரிடம் இருப்பது என்பதை முதலில் நீங்களே கூடிப் பேசி முடிவெடுங்கள். என்னைப்போல வெளியிலிருந்து வருபவர்களிடம் அந்த முடிவை விட்டுவிடாதீர்கள்.